துருப்பிடித்த பிரிட்ஜுக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிப்பது எப்படி?

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய சிங்கிள் டோர் பிரிட்ஜ் எந்த வீட்டில் இருந்தாலும், துரு ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தொடங்கியிருக்கும். கதவின் அடி ஓரம், பக்கத் தகட்டில் தரையிலிருந்து நாலு விரல் உயரம், மேலே கீல் உட்காரும் மூலை. உள்ளே எல்லாம் சரியாக இருக்கும். ஐஸ் கட்டும், பால் கெடாது, கரண்ட் பில்லும் பழையபடிதான் வரும். அந்தப் பழுப்புத் திட்டு மட்டும் வருடா வருடம் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட பிரிட்ஜை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். பிரஷ் பிடித்துப் பழக்கமே இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார் டிங்கரிங் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

இது சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடிகிற வேலை இல்லை. கைவேலை கொஞ்சம்தான்; காய்வதற்குக் காத்திருப்பதுதான் நாள்களைத் தின்னும். நான்கைந்து நாள் பிரிட்ஜ் இல்லாமல் சமாளிக்க வேண்டும். இட்லி மாவை அளவாக அரைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் மாதிரி குளிரில் வைக்க வேண்டிய மருந்து வீட்டில் இருந்தால், மற்ற எதற்கும் முன்னால் அதற்கு வேறு இடம் பார்த்துவிடுங்கள்.

துரு எங்கிருந்து வந்தது?

பெயின்ட் கடைக்குப் போகும் முன் பிரிட்ஜைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். பெயின்ட் அடித்த ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி கொப்புளம் கிளம்பினால், பெரும்பாலும் பெயின்ட்டைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் வரும் வழி அடைபடவில்லை என்று அர்த்தம்.

பக்கத் தகட்டின் அடியில் மட்டும் துரு இருந்தால், காரணம் தரை துடைக்கும் தண்ணீர். மாப்பை அழுத்தித் தள்ளும்போது ஈரம் பிரிட்ஜுக்கு அடியில் போய்த் தங்கிவிடுகிறது. ஸ்டாண்டு இல்லாமல் தரையோடு தரையாக நிற்கும் பிரிட்ஜுகளுக்கு இது கட்டாயம் வரும். ஸ்டாண்டு இருந்தும் வருகிறது என்றால் ஸ்டாண்டின் குழியைப் பாருங்கள்; சில பிளாஸ்டிக் ஸ்டாண்டுகளில் கால் உட்காரும் இடம் கிண்ணம் போல இருக்கும், தண்ணீர் தேங்கும்.

கதவின் ஓரத்தில் துரு இருந்தால் கதவு ரப்பரைச் சந்தேகப்படுங்கள். கேஸ்கெட் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ரப்பர் தளர்ந்திருந்தால் குளிர்காற்று கசிந்து, கதவின் விளிம்பு வியர்க்கும். அந்த வியர்வை வழிந்து கீழ் ஓரத்தில் சேரும். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மடிப்புகளைத் துடைத்துப் பாருங்கள். பல பிரிட்ஜுகளில் பிரச்சினை ரப்பரில் இருக்காது, அதில் ஒட்டியிருக்கும் அழுக்கில்தான் இருக்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால் மாடல் நம்பரைச் சொல்லிப் புது ரப்பர் வாங்க வேண்டியதுதான்.

இன்னொரு இடம் பின்பக்கம், கம்ப்ரஸருக்கு மேல் இருக்கும் தண்ணீர்த் தட்டு. ஐஸ் உருகிய தண்ணீர் அதில் விழுந்து, கம்ப்ரஸரின் சூட்டில் ஆவியாகிப் போக வேண்டும். தட்டு விரிசல் விட்டிருந்தாலோ நகர்ந்திருந்தாலோ தண்ணீர் அடித்தகட்டில் சொட்டும். முன்பக்கம் எத்தனை கோட் அடித்தாலும் பின்னாலிருந்து அரித்துக்கொண்டு வரும்.

கடலோர ஊர்களில் இதெல்லாம் இல்லாமலேயே துரு வரும். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ ஜன்னலோரம் நிற்கும் பிரிட்ஜை உப்புக்காற்று சும்மா விடாது. அங்கே இருப்பவர்கள் பிரைமரில், அதாவது பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சில், மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

அடிக்கலாமா, வேண்டாமா?

துருப்பிடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தகடு கெட்டியாக இருந்தால் மேல்துருதான், தைரியமாக இறங்கலாம். மொறமொறவென்று உள்ளே போனால் தகடு அரித்து ஓட்டை விழுந்துவிட்டது. சின்ன ஓட்டைக்கு வழி உண்டு, பின்னால் வருகிறது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை என்றால் உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கும். அந்தப் பிரிட்ஜுக்குப் பெயின்ட் செலவு வீண்.

“பவுடர் கோட்டிங் பட்டறையில் கொடுத்தால் புதுசு போல ஆகிவிடுமே” என்று யாராவது சொல்வார்கள். பிரிட்ஜுக்கு அது நடக்காது. பவுடர் கோட்டிங் என்பது தூளைத் தகட்டில் ஒட்டவைத்து, 180 முதல் 200 டிகிரி வரை சூடான அடுப்பில் வைத்து உருக்குவது. பிரிட்ஜின் வெளித் தகட்டுக்கும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டியே இருக்கிறது, பிரிக்க முடியாது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக்கும் தாங்காது, ஃபோமும் தாங்காது. கம்பெனியில் தகட்டுக்குத் தனியாகப் பூச்சு ஏற்றிய பிறகுதான் ஃபோமை ஊற்றுகிறார்கள். ஆகவே நமக்கு இருப்பது காற்றில் காயும் பெயின்ட் மட்டும்தான். மின்விசிறி றெக்கை, கிரைண்டர் ஸ்டாண்டு மாதிரி வெறும் இரும்பாகக் கழற்ற முடிகிற சாமான்களைத் தாராளமாகப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பலாம்.

கடையில் விற்கும் பிரிட்ஜ் ஸ்டிக்கர் ஒட்டுவது பற்றியும் கேட்பார்கள். துரு இல்லாமல் நிறம் மட்டும் மங்கியிருந்தால் அது நல்ல யோசனைதான். துருவுக்கு மேல் ஒட்டினால் உள்ளே ஈரத்தைப் பூட்டிவைத்த மாதிரி ஆகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத குழாய்

பழைய மாடல்களில் கம்ப்ரஸர் வாயு குளிரும் கண்டென்சர், பிரிட்ஜின் முதுகில் கறுப்புக் கம்பி வலையாக வெளியே தெரியும். பின்னால் வந்த பல மாடல்களில் அதைப் பக்கத் தகட்டுக்கு உள்ளேயே பதித்துவிட்டார்கள். முதுகு மொழுமொழுவென்று வலையில்லாமல் இருந்தால் உங்கள் பிரிட்ஜ் அந்த ரகம். ஓடும்போது பக்கங்களைத் தொட்டுப் பாருங்கள், கோடு கோடாகச் சூடு தெரியும். அங்கே குழாய் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தகடோ ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அந்தப் பகுதியில் டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷ், கிரைண்டர், உளி எதுவும் கூடாது. கையால் தேய்க்கும் உப்புத்தாள் மட்டும்.

முதுகிலோ கம்ப்ரஸர் மேலோ இருக்கும் லேபிளில் என்ன வாயு என்று எழுதியிருக்கும். ஆர்-134ஏ என்றால் தீப்பிடிக்காது. ஆர்-600ஏ என்றால் அது ஐசோபியூட்டேன், எளிதில் பற்றிக்கொள்ளும் வாயு. எந்த வாயுவாக இருந்தாலும் பழைய பெயின்ட்டை எரித்து உரிக்கும் புளோ லாம்ப், ஹீட் கன் இரண்டையும் பிரிட்ஜ் பக்கம் கொண்டுவராதீர்கள். தப்பித்தவறி ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். காற்று நன்றாக மாறிய பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் பளபளப்பு போய், மேலே வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். மார்கழியில் காலைப் பனி ஒரு தொல்லை. தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் அடிப்பதாக இருந்தால் நிழலில், காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். சுடுகிற தகட்டில் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து, பிரஷ் கோடு அப்படியே நின்றுவிடும்.

இடம், மேலே கூரையும் பக்கத்தில் காற்றும் உள்ள வராந்தா. அடுப்படி வேண்டவே வேண்டாம். ஸ்பிரே டப்பாவின் வாயுவும் தின்னர் ஆவியும் அடுப்பு நெருப்பில் பற்றும், சாமி விளக்கிலும் பற்றும்.

என்ன வாங்க வேண்டும்?

அளவு கணக்குப் போட்டுவிடலாம். சுமார் 180 லிட்டர் சிங்கிள் டோர் பிரிட்ஜ் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் உயரம், 54 அகலம், 60 ஆழம் இருக்கும். கதவு, இரண்டு பக்கம், மேல்தகடு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை சதுர மீட்டர். எனாமல் பெயின்ட் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் போகும். இரண்டு கோட்டுக்கு அரை லிட்டர் கச்சிதமாக வரும், மூன்றாவது கோட் போடும் எண்ணம் இருந்தால் ஒரு லிட்டர் டின் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தப் பெயின்ட்? இரும்பு கேட், ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் சிந்தெடிக் எனாமல் போதும். மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள், வழுவழுப்பான தகட்டிலிருந்து நகத்தால் சுரண்டினாலே தோலாக உரியும். கார் பட்டறைகளில் இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் இதைவிடக் கெட்டியானது, உண்மைதான். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே அடிக்கும்போது அது மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வீட்டு வராந்தாவில் துணி மாஸ்க் கட்டிக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எண்ணெய் சார்ந்த வெள்ளை எனாமல், வெளிச்சம் குறைந்த அடுப்படியில் போகப் போக மஞ்சளாகும். வெள்ளைதான் வேண்டும் என்றால் மஞ்சளாகாத வெள்ளை என்று கேட்டு வாங்குங்கள், அல்லது தண்ணீரில் கலக்கும் எனாமலுக்குப் போங்கள். இல்லாவிட்டால் வெள்ளையை விட்டுவிட்டுச் சாம்பல், இளநீலம், மெரூன் என்று எதையாவது எடுங்கள். திட்டு விழுந்த இடத்துக்கு மட்டும் அதே வெள்ளையை ‘மேட்ச்’ செய்து அடிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெள்ளை ஒத்தே போகாது. ஒரு தகட்டைத் தொட்டால் ஓரத்திலிருந்து ஓரம் வரை முழுத் தகட்டையும் அடிக்க வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் துரு இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் முதலில் முடித்துப் பார்த்துவிட்டுக் கதவுக்கு வருவது நல்லது. கதவுதான் எல்லார் கண்ணிலும் படும்.

மற்றபடி, மெட்டல் பிரைமர் கால் லிட்டர், மினரல் டர்பன்டைன், நாலு அங்குல ஃபோம் ரோலரும் அதன் தட்டும், ஒன்றரை அங்குல பிரஷ், மாஸ்கிங் டேப், பழைய செய்தித்தாள், பாலித்தீன் ஷீட், ரப்பர் கையுறை. உப்புத்தாளில் 80, 180, 320, 400 என்று நான்கு நம்பர். நான்கும் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பராக இருக்கட்டும். பள்ளம் இருந்தால் மெட்டல் பட்டி கொஞ்சம். பிரைமரில் சிவப்பு நிற ரெட் ஆக்சைடு எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் மேல் வெளிர் நிறம் அடித்தால் சிவப்பு மறைய ஒரு கோட் கூடுதலாகச் செலவாகும். சாம்பல் நிறப் பிரைமர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஸ்பிரே டப்பாவா, ரோலரா? என் ஓட்டு ரோலருக்கு. ஸ்பிரே டப்பா ஒரு மிக்ஸி ஸ்டாண்டுக்கோ டேபிள் ஃபேனின் முன் கம்பி வலைக்கோ அருமையாக இருக்கும். பிரிட்ஜ் அளவுக்கு அகலமான தகட்டில் புதியவர் கை ஒரே வேகத்தில் போகாது. ஒரு இடம் வழியும், ஒரு இடம் வறண்டு போகும். 400 மில்லி டப்பா மூன்று நான்கு காலியாகும். ஃபோம் ரோலர் விடுவது ஆரஞ்சுத் தோல் மாதிரி மிக நுண்ணிய பொரிப்பொரியான பரப்பு. பழைய பிரிட்ஜுகள் பலவற்றின் பக்கத் தகடு கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கும், அதனால் வித்தியாசம் தெரியாது.

வேலை: முதல் நாள்

பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. முந்தின இரவே செய்தால் ஐஸ் உருகித் தண்ணீர் வடிந்திருக்கும். உள்ளே இருக்கும் டிரேக்களை எடுத்துவிட்டு, ஈரத்தைத் துடைத்து, பிரிட்ஜை நிமிர்ந்த வாக்கிலேயே வெளியே நகர்த்துங்கள். வேலை வசதிக்காகப் படுக்கவைக்காதீர்கள், கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். வேறு வழியில்லாமல் படுக்கவைத்திருந்தால், நிமிர்த்திய பிறகு ஒரு நாள் சும்மா நிற்கவிட்டு அப்புறம் போடுங்கள்.

கைப்பிடி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு, எளிதாக வருகிற கம்பெனிப் பெயர் எழுத்துகள் ஆகியவற்றைக் கழற்றி, திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கதவைக் கழற்றத் தேவையில்லை. கதவைக் கழற்றி மாட்டும்போது கீல் ஒரு நூல் நகர்ந்தாலும் ரப்பர் ஒட்டாமல் போகும், அப்புறம் அது தனி வேலை.

அடுத்து கழுவுதல். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான வேலைகள் கெட்டுப்போகின்றன. நம் அடுப்படியில் நிற்கும் பிரிட்ஜின் மேல் வருடக்கணக்கான தாளிப்பு எண்ணெய் ஆவி படிந்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம், குழந்தைகள் ஒட்டிய ஸ்டிக்கர், சிலிண்டர் புக்கிங் நம்பர் எழுதி ஒட்டிய டேப் எல்லாம் இருக்கும். ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அரைமணி நேரம் ஊறவிட்டால் உருண்டு வந்துவிடும். பிறகு அந்த எண்ணெயும் போக வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தைச் சூடான தண்ணீரில் கலந்து, ஸ்பாஞ்சைப் பிழிந்து துடைத்து, வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். முதுகுப்பக்கம் தண்ணீர் தெளிக்க வேண்டாம். காய்ந்ததும் டர்பன்டைன் தொட்ட வெள்ளைத் துணியால் ஒருமுறை. துணியில் மஞ்சள் ஏறுகிற வரை எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பாகங்களில் என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்குக் கலக்கும் காரமான தின்னர்) படக்கூடாது, வெடிப்பு விடும்.

இனி துரு. 80 நம்பர் தாளால் துருப்பிடித்த இடத்தை வெள்ளித் தகடு தெரிகிற வரை தேய்க்க வேண்டும். கொப்புளமாக எழும்பிய பெயின்ட் இருந்தால், அதன் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அகலம் நல்ல பெயின்ட்டையும் சேர்த்து எடுங்கள். துரு பெயின்ட்டுக்கு அடியில் ஊர்ந்துகொண்டுதான் முன்னேறும். குழிகளுக்குள் கறுப்பாக நிற்கும் மிச்சத்துக்கு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் ரிமூவர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கையுறை போட்டுக்கொண்டு பிரஷால் தடவி, லேபிளில் சொன்ன நேரம் விட்டு, ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

பெயின்ட் மோசமாக இல்லாத மீதிப் பரப்பு முழுவதையும் 320 வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். பழைய பெயின்ட்டை எடுத்துவிடத் தேவையில்லை, அதன் பளபளப்பு மட்டும் செத்தால் போதும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் எங்காவது மின்னும். அந்த இடங்களில் மறுபடி தேய்க்க வேண்டும், மின்னும் இடத்தில் புதுப் பெயின்ட் பிடிக்காது. வெறும் தகடு தெரியும் இடத்துக்கும் பழைய பெயின்ட்டுக்கும் நடுவில் படி மாதிரி விளிம்பு இருந்தால், 180 தாளால் விரல் தடவினால் தட்டாத அளவுக்குச் சரிவாக்குங்கள்.

உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டுகளில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் யாரோ அடித்துவைத்த மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சுப் பெயின்ட்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வரும் சேற்றைத் துணியால் எடுங்கள். சின்னக் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பள்ளம் இருந்தால் பட்டி பாருங்கள். மெல்லியதாக ஒரு இழுப்பு, காய்ந்ததும் 180, பிறகு 320. பட்டாணி அளவு ஓட்டை இருந்தால் இரண்டு களிம்பைப் பிசைந்து வைக்கும் எபாக்ஸி பட்டி நல்லது. ஓட்டையைச் சுற்றித் தகட்டைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு அழுத்தி வைத்து, இறுகிய பிறகு மட்டப்படுத்துங்கள்.

வெறும் தகடு தெரிந்துவிட்டால் அன்றைக்கே பிரைமர் போட்டாக வேண்டும். சென்னை மாதிரி ஊரில் ராத்திரி விட்டுவைத்தால் காலையில் மெல்லிய ஆரஞ்சு நிறம் பூத்து நிற்கும், மறுபடி முதலிலிருந்து. கதவு ரப்பர், பிளாஸ்டிக் ஓரம், மாடல் லேபிள் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள். கதவின் அடி ஓரத்துக்கு அடிக்கக் கதவைத் திறக்க வேண்டியிருக்கும். அப்போது உள்பக்க வாயை முழுக்கப் பாலித்தீன் ஷீட்டால் மூடி டேப் ஒட்டிவிடுங்கள். டர்பன்டைன் வாடை உள் பிளாஸ்டிக்கில் ஏறினால் தயிரில் அடிக்கும். பிரைமரைத் தகடு தெரியும் இடங்களுக்கு முதலில் பிரஷால் ஒருமுறை, அது காய்ந்ததும் முழுத் தகட்டுக்கும் ரோலரால் ஒருமுறை. கீழ் விளிம்பின் அடிமடிப்பில் பிரஷை நுழைத்து அடியுங்கள், துரு பிறந்ததே அங்கேதான்.

இரண்டாவது, மூன்றாவது நாள்

காய்ந்த பிரைமரை 400 பேப்பரால் மெல்லத் தடவி, ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். டின்னைத் திறந்து குச்சியால் அடிவரை கலக்குங்கள். நிறமெல்லாம் அடியில் உட்கார்ந்திருக்கும். பத்துப் பங்குக்கு ஒரு பங்கு டர்பன்டைன் (தண்ணீரில் கலக்கும் எனாமல் என்றால் லேபிளில் சொன்ன அளவு தண்ணீர்) சேர்த்து, பழைய நைலான் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

ரோலரைத் தட்டில் உருட்டி, அதிகப்படியை வழித்துவிட்டு, தகட்டில் முதலில் மேலும் கீழுமாக, உடனே குறுக்காக, கடைசியில் எடையே கொடுக்காமல் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. ஒரு அடி அகலப் பட்டையாக முடித்துக்கொண்டே போங்கள், முந்தின பட்டை ஈரமாக இருக்கும்போதே அடுத்ததை அதன் ஓரத்தில் ஏற்றுங்கள். முதல் கோட் அடித்து முடித்ததும் பிரைமர் இங்கங்கே தெரியும், பார்க்கப் பரிதாபமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். மறைக்கிறேன் என்று திரும்பத் திரும்ப உருட்டினால் வழியும். பாதி காய்ந்த பெயின்ட்டை மறுபடி தொடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, ரோலர் அதைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கொசு வந்து ஒட்டினால் ஒட்டட்டும், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள், சுமார் 24 மணி நேரம் கழித்து, 400 பேப்பரால் லேசாகத் தடவி, துடைத்து, இரண்டாவது கோட். இதிலேயே பெரும்பாலும் முழுமையாக மறைந்துவிடும். டேப்பைக் கெட்டியாகக் காயும் முன், கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும்போதே பின்பக்கமாக மடித்து இழுங்கள். நன்றாகக் காய்ந்தபின் இழுத்தால் ஓரம் பெயர்ந்து வரும்.

கோளாறு வந்தால்

பெயின்ட் அங்கங்கே விலகி வட்ட வட்டமாகக் குழி விழுந்தால் அதைப் பெயின்டர்கள் மீன்கண் என்பார்கள். எண்ணெயோ மெழுகு பாலிஷோ போகவில்லை. அதன் மேல் இன்னொரு கோட் அடித்தாலும் குழி மறையாது. காயவிட்டு, தேய்த்து, டர்பன்டைனால் துடைத்து மறுபடி அடிக்க வேண்டும்.

சுருக்கம் விழுந்தால் இரண்டு காரணம். அடிக் கோட் காயாமல் மேல் கோட் போட்டது ஒன்று. எனாமலின் மேல் என்.சி. தின்னர் கலந்த டூகோ (சீக்கிரம் காயும் நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டை அடித்தது இன்னொன்று; அந்தத் தின்னர் அடியில் இருக்கும் எனாமலைக் கிளப்பிவிடும். டூகோவின் மேல் எனாமல் போடலாம், மாற்றிப் போடக் கூடாது. ஸ்பிரே டப்பா வாங்குகிறவர்கள் அடுத்த கோட்டுக்கான நேரத்தை லேபிளில் படித்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் ஒரு மணி நேரத்துக்குள் அல்லது ஒரு நாள் கழித்து என்று இருக்கும். நடுவில் அடித்தால் சுருங்கும்.

வழிந்த கண்ணீர்த் துளியை ஈரத்தில் துடைக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து பிளேடால் சீவி, 400 பேப்பரால் மட்டப்படுத்தி, மேலே லேசாக ஒரு கோட்.

திரும்ப ஓடவிடுவது

தொட்டால் ஒட்டாது என்பதற்கும் உள்ளே வரை இறுகிவிட்டது என்பதற்கும் ஒரு வாரம் வித்தியாசம் உண்டு. கடைசிக் கோட் போட்டு ஒரு முழு நாளாவது போன பிறகு, பாலித்தீனை எடுத்து, கதவைத் திறந்துவைத்து வாடை போகவிடுங்கள். ரப்பர் உட்காரும் ஓரம் நன்றாகக் காய்வதற்குள் கதவை மூடினால் ரப்பர் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், திறக்கும்போது இரண்டில் ஒன்று போகும். இடத்துக்குக் கொண்டுபோய் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, ஸ்டாண்டின் குழியில் தண்ணீர் நிற்காதபடி பார்த்துவிட்டு, பிளக்கை மாட்டுங்கள். ஒரு வாரம் ஸ்டிக்கர், காந்தம், சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

பின்பக்கக் கறுப்பு வலைக்கும் அழகாக இருக்கட்டும் என்று பெயின்ட் அடித்துவிடாதீர்கள், அது சூட்டை வெளியேற்றும் பாகம். தூசி தட்டினால் போதும். உள்பக்கப் பிளாஸ்டிக்குக்கும் பெயின்ட் வேண்டாம், சாப்பாட்டுச் சாமான் படும் இடம்.

மற்ற சாமான்கள்

மின்விசிறியை எடுத்தால் றெக்கைகளைக் கழற்றும் முன்பே ஒவ்வொன்றுக்கும், அது மாட்டியிருந்த இடத்துக்கும் ஒரே நம்பர் போடுங்கள். மூன்று றெக்கைக்கும் ஒரே அளவு பெயின்ட் ஏற வேண்டும்; ஒன்றில் மட்டும் ஒரு கோட் கூடினால் எடை மாறி, விசிறி ஆடும். மோட்டாரின் காற்று ஓட்டைகளுக்கு டேப் ஒட்டி, வேலை முடிந்ததும் ஞாபகமாக எடுத்துவிடுங்கள்.

வாஷிங் மெஷினில் துரு பிடிப்பதும் அடியில்தான், பிரிட்ஜுக்குச் சொன்னது எல்லாம் பொருந்தும். தகட்டைக் கழற்றினால் உள்ளே மோட்டார் கெப்பாசிட்டரைத் தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கலாம். கிரைண்டரில் ஸ்டாண்டுக்கும் வெளி உடம்புக்கும் மட்டும். கல், டிரம் பக்கம் பெயின்ட் போகக் கூடாது. கேஸ் அடுப்பில் பர்னரைச் சுற்றியுள்ள பகுதிக்குச் சாதாரண எனாமல் கருகும், சூடு தாங்கும் பெயின்ட் தனியாக உண்டு. ஆனால் இரும்பு அடுப்பு அந்த அளவுக்கு அரித்திருந்தால் கேஸ் குழாயையும் பார்க்கச் சொல்வேன். மைக்ரோவேவ் அவனின் வெளி மூடியைக் கழற்றவே வேண்டாம், உள்ளே இருக்கும் உயர் அழுத்த கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும். அதன் உள்ளறையில் துரு தெரிந்தால் சர்வீஸ்காரரிடம் காட்டுங்கள்.

பிரஷையும் ரோலரையும் டர்பன்டைனில் கழுவிய பிறகு அந்த அழுக்கு டர்பன்டைனைச் சாக்கடையில் கொட்டாமல் மூடிய பாட்டிலில் விட்டுவையுங்கள். இரண்டு நாளில் பெயின்ட் அடியில் இறங்கி, மேலே தெளிந்தது அடுத்த வேலைக்கு ஆகும். எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் திணிக்காதீர்கள், எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறிப் புகைய வாய்ப்புண்டு. வெளியே விரித்துப் போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள். மிச்சப் பெயின்ட்டைச் சின்னக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடினால் ஆடை கட்டாமல் இருக்கும். சிலிண்டர் உரசிக் கீறல் விழும் அன்றைக்கு அதில் பிரஷ் நுனியைத் தொட்டு வைத்தால் முடிந்தது.